தேங்காய் எண்ணெய் குடித்த துப்பாக்கி

அக்கா,

இன்று காலை தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. தில்லி ஜனவரியில் இது ஒரு சேதியே இல்லைதான். பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. பால்கனியில் வெயில் விழும் மூலையாகப் பார்த்து அதை வைத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்திலேயே காவல் நின்றேன். மூட்டம் விலகி வெயில் வந்ததும் எண்ணெய் ஓரமாக இளகி, அந்த வாசனை எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "காலையிலயே இன்னா சிரிப்பு?" என்றாள். "அக்கா ஞாபகம்" என்றேன். அவளும் சிரித்தாள்.

நைனாவின் துப்பாக்கி விஷயமாக இன்று பதில் சொல்லியாக வேண்டும். போன ஆடியில் நீ கண்ணை மூடியபிறகு, சட்டப்படி அதைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன். வாரிசு என்று என் பெயருக்கு மாற்றிக்கொள்வேனா, விற்றுவிடுவேனா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் தீபாவளி முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும் என்று இழுத்தடித்தேன். நேற்று அவர் போனில் கொஞ்சம் கறாராகவே பேசிவிட்டார். அதனால்தான் இன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். எண்ணெய் உறைந்த நாளாகப் பார்த்து இது வந்து வாய்த்திருக்கிறது, நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அப்பாவை நைனா என்று கூப்பிடும் வேலூர்ப் பக்கத்து வழக்கத்தை நாம் இரண்டு பேரும் கடைசிவரை விடவில்லை. ஜனக்புரியில் நம்மோடு வளர்ந்த மற்ற தமிழ்ப் பிள்ளைகள் 'டாடி', 'பாப்பா' என்று மாறிப்போன பிறகும் நமக்கு அவர் நைனாதான். நைனா ராணுவத்தில் இருந்தவர் என்றதும் எல்லோரும் மீசையையும் எல்லையையும் நினைத்துக்கொள்வார்கள். அவர் சண்டை போட்டதெல்லாம் ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தோடு. ராணுவத்துக் குமாஸ்தா. ஓய்வு பெற்றுத் தில்லியிலேயே ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சேர்ந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு அதிகாரியிடம் அந்த ரிவால்வரை லைசென்ஸோடு வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சாகும்வரை ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

ஆனால் ஆயுத பூஜை அன்று அதற்கு நடந்த மரியாதை இருக்கிறதே! அம்மாவின் தையல் மிஷின், நைனாவின் ஸ்கூட்டர், நம்முடைய புத்தகங்கள், நடுநாயகமாக ஒரு தாம்பாளத்தில் தோட்டாக்களை எடுத்துவிட்ட ரிவால்வர். அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் பொறுப்பு உன்னுடையது. நான் தொடக்கூடாது, கீழே போட்டுவிடுவேன் என்று நைனா சொல்வார். மிஷின் எண்ணெய் நாறும், சாமி முன்னால் வேண்டாம் என்று அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை உன் பக்கம் நகர்த்துவாள். நீ பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி தடவுவாய். உள்ளேயும் நாலு சொட்டு விடுவாய். பிறகு குழைத்த சந்தனத்தில் குழலின் மேல் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். இந்தக் கைங்கரியம் நீ உத்தியோகத்துக்குப் போனபிறகும், நான் கல்யாணம் செய்துகொண்டு தனியே போனபிறகும், நைனா படுக்கையில் விழும்வரை நடந்தது.

அந்தத் துப்பாக்கிக்கு நம் வீட்டில் ஒரு கதை உண்டு. பிரதமரைச் சுட்டதற்குச் சீக்கியர்களைத் தேடித் தேடி ஊரே எரிந்த அந்த எண்பத்துநாலு நவம்பரில், பக்கத்து வீட்டு சர்தார் குடும்பம் நம் வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துப் பையன். காலை நேரம். கம்பும் கேனுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் திரும்பியது. நைனா ஸ்வெட்டர்கூடப் போடாமல், கையில் ரிவால்வரோடு நம் சின்னக் கேட்டின் உள்பக்கம் போய் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் தூக்கவும் இல்லை, தொடையோடு ஒட்டி வைத்திருந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது, துப்பாக்கியைப் பார்த்தது, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. நீ ஜன்னல் திரைக்குப் பின்னால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாய். அதற்குப் பிறகு நைனா உனக்கு வெறும் அப்பாவாக இல்லை. அவர் எது சொன்னாலும் "நைனா கேட்டுல நின்னவருடா" என்று முடித்துவிடுவாய்.

நைனா போனதும், அதை விட்டொழி என்றேன் நான். வயதான காலத்தில், தனியாக இருக்கிற நீ, ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கத்தினேன். லைசென்ஸை உன் பெயருக்குக் கேட்டபோது போலீஸ் விசாரணைக்கு வந்த அதிகாரியும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். "மேடம், ஆப் கரேங்கி க்யா இஸ்கா?" இதை வைத்து என்னதான் செய்வீர்கள் என்ற கேள்வி. நீ அவருக்கு டீயை நகர்த்திவிட்டு, "ஒழுங்கா வெச்சிருப்பேன்" என்று ஹிந்தியில் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். உன் லைசென்ஸ் வர வருஷங்கள் ஆயின. நீ விடாமல் அலைந்தாய். நான் உன்னோடு வந்ததெல்லாம் முறைத்துக்கொண்டுதான்.

லைசென்ஸ் வந்த ஜனவரியில், துப்பாக்கியை ஒப்படைத்திருந்த பழைய தில்லிக் கடைக்குப் போனோம். கடையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அங்கே துப்பாக்கி வேலை பார்க்கும் உஸ்தாத், மருதாணி போட்ட தாடியும் ஓயாத வாயுமாக, தன் தாத்தா எந்தெந்த நவாபுகளுக்கு வேலை செய்தார் என்று சொல்லிக்கொண்டே ரிவால்வரை வாங்கி விசையை இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். சிலிண்டர், அதுதான் தோட்டாக்கள் உட்காரும் உருளை, பாதியில் நின்றது. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்க வேண்டிய பின்பக்கத்துச் சுத்தி, தூக்கத்தில் தலையாட்டுகிற கிழவன் போல மெதுவாக வந்து விழுந்தது. உஸ்தாத் உதட்டைப் பிதுக்கிவிட்டு அதை ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடை முழுக்க, எத்தனையோ துப்பாக்கிகள் தொங்கிய அந்தக் கடை முழுக்க, நம் வீட்டுக் குளியலறை வாசனை அடித்தது.

உஸ்தாத் மூக்கை உறிஞ்சினார். சந்தேகமாக உன் தலையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைக் குனிந்து முகர்ந்தார்.

"மேடம், இஸ்மே நாரியல் கா தேல் கிஸ்னே டாலா?"

இதில் தேங்காய் எண்ணெய் விட்டது யார் என்று கேட்கிறார். நீ பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பெண் மாதிரி கையைத் தூக்கினாய். "மைனே" என்றாய். நான்தான். உஸ்தாத் பெஞ்சில் உட்கார்ந்து அடித்தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நெய் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாராம், கடுகெண்ணெய் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாராம், தேங்காய் எண்ணெய் இதுதான் முதல் தடவையாம். நீயும் கண்ணில் நீர் வரச் சிரித்தாய். கோடைக்காலமாக இருந்தால் கொஞ்சம் ஓடும், குளிர் வந்தால் உறைந்து நின்றுவிடும் என்று அவர் விளக்கினார். அதோடு எண்ணெய் உள்ளே அடுக்கடுக்காகக் காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கிறது, இது நேற்று முந்தாநாள் வேலை இல்லை, பல காலத்துச் சமாச்சாரம் என்றார். உன் சிரிப்பு அந்த இடத்தில்தான் நின்றது.

"பல காலம்னா?" என்று தமிழிலேயே அவரைக் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் ஹிந்தியில் கேட்டேன். சின்ன வயதிலிருந்து போட்டதென்றால் அந்தக் காலத்திலிருந்தே இந்த நிலைதான், குளிர்காலத்தில் இது வெடித்திருக்கவே வெடித்திருக்காது என்றார் உஸ்தாத்.

துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தும் நீ உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாய். ராஜோரி கார்டன் தாண்டியபோது, "வெடிக்காத துப்பாக்கிய வெச்சிகினு நின்னிருக்காருடா" என்றாய். "நல்லவேளை, அவருக்குத் தெரியாது" என்றேன். "நவம்பர் மாசம். அந்தக் காலையில எண்ணெ உறைஞ்சிதான் இருந்திருக்கும். ஆயுத பூஜைக்கு நான்தானே போட்டேன். அவனுங்க கேட்ட ஒடச்சிகினு உள்ள வந்திருந்தா?" என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எப்போதோ முடிந்துபோன ஒரு காலைக்காக, வயது அறுபதை நெருங்கும் நீ மெட்ரோவில் நின்று நடுங்கினாய். நைனாவை நான் பழங்கதையாக வைத்திருந்தேன். நீ அவரை இன்னும் கேட்டிலேயே நிற்கவைத்திருந்தாய் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு அதைத் தலைமுழுகியிருப்பார்கள். அல்லது அழகாகப் பெட்டியில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டியிருப்பார்கள். உஸ்தாத்தின் யோசனையும் அதுதான். நிக்கல் பூசி, கைப்பிடிக்கு வெள்ளைத் தகடு போட்டு, கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துத் தருகிறேன், வெடிக்காவிட்டால் என்ன, கல்யாண வீட்டில் இடுப்பில் செருகினால் ஜோராக இருக்கும் என்றார். நீ அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய்: "சமக்னா நஹீ, சல்னா சாஹியே."

மின்ன வேண்டாம், ஓட வேண்டும். ஐம்பது வருஷம் தில்லியில் இருந்தும் உன் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் கடைசிவரை சேர்ந்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என் மகள் இப்போது அலுவலகத்தில் யாராவது படம் காட்டினால் அதைத்தான் சொல்கிறாளாம். அத்தை சொன்னதில் ஹிந்தி மட்டும்தான் அவளுக்கு நிற்கிறது. இந்த மடலை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும், நான்தான் படித்துக்காட்ட வேண்டும்.

உஸ்தாத் அதைக் கழற்றி ஊறவைத்து, பிசினைச் சுரண்டி எடுத்தார். சந்தனமும் குங்குமமும்கூட இடுக்கில் இறங்கி இறுகியிருந்தன. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினார். குழலின் மேல், வருஷா வருஷம் நீ பொட்டு வைத்த அதே இடத்தில், ஈரச் சந்தனம் இரும்பைத் தின்று வட்டமாக ஒரு குழி விழுந்திருந்தது. சரியாகப் பொட்டு அளவு. அது மேலாகத்தான் இருக்கிறது, பலத்துக்குக் கெடுதல் இல்லை, தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். நீ விரலால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாய். "அது இருக்கட்டும். உள்ள மட்டும் சரி பண்ணுங்க" என்றாய்.

அக்டோபரில் வேலை முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார். நாம் போனோம். விசையை இழுத்துக் காட்டினார், கடிகாரம் மாதிரி ஓடியது. நானே அசந்துபோனேன். நீ வாங்கி, காலித் தோட்டாக்களைப் போட்டு, உருளையின் ஒவ்வொரு அறையாக மெதுவாக இழுத்துப் பார்த்தாய். திரும்பவும் முதலிலிருந்து. உஸ்தாத் நெளியத் தொடங்கினார். கடைசியில் ஓர் அறையில் நிறுத்தி, உருளையை விரலால் லேசாக அசைத்துக் காட்டினாய். மற்ற அறைகள் எல்லாம் குழலுக்கு நேராக வந்து கெட்டியாக நின்றன, அந்த ஒன்று மட்டும் மயிரிழை ஆடியது. அவ்வளவு சின்ன ஆட்டம் பரவாயில்லை, பழைய சாமான் அல்லவா என்றார் உஸ்தாத். "ஆறுல அஞ்சு சரியா இருந்தா, அது சரியான துப்பாக்கி இல்ல" என்றாய். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நவாபுகள்கூட இப்படிக் கேட்டதில்லை என்றார். "அவங்க தேங்காய் எண்ணெயும் போட்டிருக்க மாட்டாங்க" என்று நீ சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் அவர் கோபம் சிரிப்பில் கரைந்தது. துப்பாக்கியைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுபடி சரிசெய்து நவம்பரில் கூப்பிட்டார். நீ போகவில்லை. "ஜனவரியிலதான் வருவேன். இது கெட்டுப்போறது குளிர்லதானே? குளிர்லதான் பாக்கணும்" என்றாய். ஊரில் ஜனங்கள் வெந்நீர் போட்டுக் குளிக்கவே யோசிக்கும் ஒரு காலையில், மங்கி குல்லாவும் சால்வையுமாக, ஊருக்கு வெளியே கடைக்காரர் ஏற்பாடு செய்த சுடுதளத்துக்குக் கிளம்பினாய். எனக்குப் பயம். அது வெடிக்காமல் போனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பயம், வெடித்தால் உன் மணிக்கட்டு என்ன ஆகும் என்று இன்னொரு பயம். உஸ்தாத்தும் வந்திருந்தார். காதுக்கு அடைப்பு மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாய். முதல் தோட்டா வெடித்தபோது உன் குல்லா சரிந்து கண்ணை மறைத்தது. அதைச் சரிசெய்துகொண்டு அடுத்ததைச் சுட்டாய். ஆறும் வெடித்தன. குறி எங்கே போனது என்று பின்னாலிருந்த மண்மேட்டுக்குத்தான் தெரியும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "போதும்" என்றாய். கருமருந்து வாசனையும் உன் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தன. உஸ்தாத் ஏதோ அவரே பரீட்சை எழுதித் தேறியவர் மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு நீ அதைச் சுடவே இல்லை. மிஷின் எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, இரும்பு பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினாய். ஆயுத பூஜைக்குத் தாம்பாளத்தில் துப்பாக்கி வரவில்லை. பீரோச் சாவிதான் வந்தது. அதற்குத்தான் சந்தனமும் குங்குமமும். "அதுக்கு மிஷின் எண்ணெ, இதுக்குப் பொட்டு. இனிமே அப்டித்தான்" என்றாய். எதற்காக இவ்வளவு பாடுபட்டாய் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் உன் வீட்டில் இல்லாமல் போயிருந்தால், கடைசிவரை புரிந்திருக்காது. ஹோலி முடிந்த சமயம். உன் மாடியில் குடியிருந்த திண்டுக்கல்காரர், பேங்க்கில் வேலை பார்த்த அந்தச் சாது மனிதர், தன் காரை எதிர்வீட்டு மகன் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்திவிட்டார். தில்லியில் கொலை விழ இது போதும். அவன் கூட்டாளிகளோடு ஹாக்கி மட்டையை எடுத்து வந்து கார்க் கண்ணாடியை உடைத்தான். தடுக்கப்போன திண்டுக்கல்காரரைத் துரத்தினான். அவர் மாடிப்படி ஏறவும் நேரமில்லாமல் உன் வீட்டுக்குள் ஓடிவந்து கதவோரம் நின்றுவிட்டார். வெளியே உன் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அக்கா, துப்பாக்கிய எடு. சும்மா காட்டு போதும், ஓடிருவானுங்க" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம்.

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமே இல்லை. "காட்டறதுக்கா? காட்டறதுக்குன்னா அத்த பழையபடியே விட்டிருப்பேனேடா. இது வெடிக்கும். வெடிக்கறத எடுத்துகினு போயி சும்மா காட்ட முடியாது" என்றாய். இடுப்பிலிருந்து பீரோச் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாய். "இந்தா, இத்த நீ வெச்சிக்கோ." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு கேட்டுக்குப் போனாய்.

அதே வீடு, அதே கேட், நைனா நின்ற அதே இடம். கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டாய். அவனை ஏற இறங்கப் பார்த்தாய். "க்யா பேட்டா, ஹாக்கி கேல்னே ஆயே ஹோ? கிரவுண்ட் தோ உதர் ஹை" என்றாய். ஹாக்கி விளையாட வந்தாயா, மைதானம் அந்தப் பக்கம் இருக்கிறதே என்று நீ கேட்டதில் அவன் கூட்டாளியே ஒருத்தன் சிரித்துவிட்டான். அவனுக்கு அது இன்னும் வெறியைக் கிளப்பியது. "ஆன்ட்டி, ஹட் ஜாவோ!" விலகு என்று கத்தி, மட்டையை ஓங்கிக் கேட்டில் அடித்தான். உன் கைக்கு ஒரு சாண் தள்ளி. இரும்பு அதிர்ந்தது. நீ கையை எடுக்கவில்லை.

நான் கூடத்தில் நின்றிருந்தேன். பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் போதும். சாவியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன், அதன் பற்கள் உள்ளங்கையில் இறங்கின. அந்த நேரத்தில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை, அக்கா. உள்ளே ஓடுகிறேன், பீரோவைத் திறக்கிறேன், வெளியே வருகிறேன், அவன் முகம் வெளுக்கிறது, அத்தனையும் பார்த்துவிட்டேன். இன்னும் ஒரு தடவை அவன் மட்டையை ஓங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பீரோ பக்கத்தில் நிற்கப் பயந்துதான் வெளியே ஓடிவந்து உன் பக்கத்தில் நின்றேன். வீரம் எல்லாம் இல்லை.

"ஷீஷா தோட் தியா, ஹோ கயா. அப் கர் ஜாவோ" என்றாய் அவனிடம். கண்ணாடியை உடைத்தாயிற்று, முடிந்தது, வீட்டுக்குப் போ. பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று சொல்கிற குரல். அதற்குள் அவன் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, மட்டையைப் பிடுங்கி, அவன் முதுகிலேயே ஒன்று வைத்தாள். கூட்டாளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். திண்டுக்கல்காரர் அதுவரை கதவுக்குப் பின்னால் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உள்ளே வந்து டீ போட்டாய். கோப்பையைத் தூக்கும்போது பாதி டீ சாஸரில் கொட்டியது. "சாவி" என்று கையை நீட்டினாய். கொடுத்தேன். என் உள்ளங்கையில் பதிந்திருந்த பல்தடத்தைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து, அதன்மேல் விட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாய். "இதுக்குத்தாண்டா இந்த எண்ணெ" என்றாய்.

தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "நான் இத்தன நாளா, அன்னிக்கு அது வெடிச்சிருக்குமா வெடிச்சிருக்குமான்னே யோசிச்சிகினு இருந்தேன்டா. நைனா சுடலையேன்னு யோசிக்கவே இல்ல. அவரு வெடிக்கும்னு நெனச்சிகினுதானே நின்னாரு? அப்டியும் கைய தூக்கல பாரு. எண்ணெ உறைஞ்சிதோ இல்லியோ, அவரு நின்னது நெஜந்தாண்டா."

அன்றைக்கு உன் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் எழுத முடியாது. அந்த மெட்ரோ பயணத்திலிருந்து நீ சுமந்துகொண்டிருந்ததை அங்கே இறக்கி வைத்தாய். வெடிக்காத ஒன்றை வைத்துக்கொண்டு சுடாமல் இருப்பது யாராலும் முடியும். நன்றாக வெடிக்கும் என்று ஆறு அறையும் பார்த்து, ஜனவரிக் குளிரிலும் பார்த்து, பிறகு அதைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு போக உன்னால்தான் முடிந்தது. நைனாவைவிட நீ ஒரு படி மேல் என்று சொன்னால் அடிக்க வருவாய். ஆனாலும் சொல்கிறேன். இப்போது நீ அடிக்க வரமாட்டாய் என்பதுதான் தாங்கவில்லை.

அதனால்தான் அக்கா, என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. மத்தியானம் கடைக்குப் போய், கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம், அந்தச் சாவியை வைத்துக்கொண்டு நிற்கவே நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். நான் காட்டு என்றவன். என்றைக்காவது காட்டிவிடுவேன். நீ அவ்வளவு சரியாகச் செய்துவைத்த பொருள், காட்டினால் அதோடு நிற்காது.

கடைக்காரர் அதைப் பிரித்து, குழலின் மேலிருந்த வட்டக் குழியைத் தடவி, "யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார். "பூஜா" என்றேன். தலையாட்டிக்கொண்டார். "சல்தி ஹை?" ஓடுமா என்று கேட்டார். உஸ்தாத் இப்போது வேலைக்கு வருவதில்லையாம், இல்லாவிட்டால் அவர் பதில் சொல்லியிருப்பார். "சல்தி ஹை. ஜன்வரி மே பீ" என்றேன். ஓடும், ஜனவரியிலும் ஓடும். அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

உன் பீரோ போன மாதமே ஜங்புராவில் குடிசைகளை இடித்தபோது வீடு இழந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போய்விட்டது. உள்ளறைக்கு அவர்கள் வேறு பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். பழைய சாவி மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. வளையத்தின் இடுக்கில் நீ வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தில்லி ரோட்டில் எவனாவது கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னால், என் கை தானாக அந்தச் சாவிக்குப் போகிறது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் போகட்டும் என்று நிற்கிறேன்.

வீடு திரும்பியபோது பால்கனியில் எண்ணெய் முழுக்க இளகித் தெளிந்திருந்தது. பாட்டிலை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தேன், உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன. கடையில் பேசிய நேரம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஒரு சொட்டு விட்டு, நீ செய்த மாதிரியே கட்டைவிரலால் தேய்த்தேன்.

இதுக்குத்தான், அக்கா, இந்த எண்ணெ.